பூட்டு முன்னாலா, பின்னாலா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் இயந்திரவியல் துறை அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கம் இந்த ஆண்டு ஒரு நல்ல காரியத்தைக் கையில் எடுத்திருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சில மலைக் குக்கிராமங்களுக்குப் பொதுவாக ஒரு வண்டி வாங்கித் தருவது என்று முடிவாகியிருக்கிறது. நான்கு சக்கர இழுவை உள்ள, பழைய, டபுள் கேப் பிக்-அப். நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிற பெண்களையும் குக்கிராமத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை. அங்கிருந்து 108 பார்த்துக்கொள்ளும். 2008-இல் தமிழ்நாட்டில் 108 வந்த பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஆம்புலன்ஸ் என்பது ரோட்டில் ஓடுகிற வண்டி. ரோடு முடிகிற இடத்தில் அதுவும் நின்றுவிடும். அதற்கு மேலே இன்றைக்கும் சில இடங்களில் தொட்டிலும் தோளும்தான்.

வண்டிக்குப் பணம் சேர்ந்துவிட்டது. டிஃபரன்ஷியல் பூட்டு போடவும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரே ஒரு பூட்டுக்குத்தான் இருக்கிறது! அதை முன் அச்சில் போடுவதா, பின் அச்சில் போடுவதா என்பதில்தான் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "முன் சக்கரம் இழுத்தாத்தான் வண்டி மேடு ஏறும்" என்கிறது ஒரு கட்சி. "பின்னாடி தள்ளாம எந்த வண்டி ஏறிச்சு?" என்கிறது இன்னொரு கட்சி. நான் அச்சு வடிவமைக்கிற வேலையில் இருப்பதால் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின்னால்தான். ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த நேரம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். தம்பிகளில் பலர் ஜவ்வாது மலையைக் கோடை விழா சமயத்தில் பார்த்திருப்பீர்கள். பீமன் நீர்வீழ்ச்சியில் குளித்திருப்பீர்கள். காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அங்கெல்லாம் நல்ல ரோடு போகிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸே போகிறது. நான் பேசுவது அந்த ரோட்டை விட்டு இறங்கிய பிறகு இருக்கிற பாதை. செம்மண், அதில் பாதி புதைந்த பாறை, நடுநடுவே ஓடை. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம். சாமை, புளி, பலாப்பழம், தேன் எல்லாம் அந்த வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. வெயில் காலத்தில் எந்த ஜீப்பும் போகும். மழை பெய்தால் செம்மண் சோப்பு மாதிரி ஆகிவிடும். பாறையோ ஈரமானாலும் ஓரளவு பிடி கொடுக்கும். ஆக ஒரே அச்சில் இடது சக்கரம் பாறைமேல், வலது சக்கரம் சேற்றில் என்பது அங்கே அன்றாட நிலைமை. நம்முடைய கேள்விக்கு உயிர் வருவதே இங்கேதான்.

டிஃபரன்ஷியல் எதற்கு என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மற்ற துறை நண்பர்களும் வந்திருக்கிறார்கள். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டால் ஏதாவது ஒரு சக்கரம் தரையில் தேய்ந்தாக வேண்டும். 1828-இல் பிரான்ஸ் நாட்டுப் பெக்கூர் என்பவர் காப்புரிமை வாங்கிய டிஃபரன்ஷியல் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றலாம். ஆனால் முறுக்கு விசை இரண்டுக்கும் சரிசமமாகப் போகும்.

அந்தச் 'சரிசம'த்தில்தான் வில்லங்கம். சேற்றில் இருக்கிற சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ, அவ்வளவுதான் பாறைமேல் இருக்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். வலது சக்கரம் சும்மா சுற்றும். இடது சக்கரம் நல்ல பிடியோடு அசையாமல் நிற்கும். எஞ்சினில் நூறு குதிரை இருந்தும் பிரயோஜனம் இல்லை. பூட்டு போட்டால் இரண்டு அரை அச்சுகளும் ஒன்றாகிவிடும். சேற்றுச் சக்கரம் தன்னால் முடிந்ததைத் தரும், பாறைச் சக்கரம் தன்னால் முடிந்ததைத் தரும்.

இது நம் ஊர் விவசாயிக்குப் புதுசு இல்லை. டிராக்டரில் டிரைவர் காலடியில் ஒரு பெடல் இருக்கிறதே, சேற்று வயலில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் அதை மிதிப்பார்களே, அதுதான் டிஃபரன்ஷியல் பூட்டு. அந்தப் பெடல் எந்த அச்சைப் பூட்டுகிறது? எடை விழுகிற பின் அச்சை. பதில் பாதி அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கணக்குப் போடுவோம்.

நாம் வாங்கப் போகிற மாதிரி ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக, ஆட்களோடு மொத்த எடை 2,400 கிலோ. அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம். சமதளத்தில் முன்னால் 45 சதவீதம், பின்னால் 55 சதவீதம் எடை. இந்த வண்டி 16 டிகிரி மேட்டில் ஏறுகிறது, அதாவது ஏழடி போனால் இரண்டடி ஏற்றம். மலைப்பாதையில் இது பெரிய மேடு இல்லை.

மேட்டில் வண்டி நிற்கும்போது எடை பின்னால் சாயும். போட்டுப் பார்த்தால் முன் அச்சில் ஏறத்தாழ 860 கிலோவும் பின் அச்சில் 1,445 கிலோவும் விழுகிறது. 45-க்கு 55 என்று இருந்தது 37-க்கு 63 ஆகிவிட்டது. வண்டியை மேலே ஏற்றத் தேவையான விசை சுமார் 660 கிலோ. இப்போது இரண்டு அச்சிலும் ஒரு சக்கரம் நல்ல தரையில், உராய்வுக் கெழு 0.6, மறு சக்கரம் சேற்றில், 0.2 என்று வைத்துக்கொள்வோம்.

பூட்டே இல்லையென்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து தருவது சுமார் 460 கிலோ. வண்டி நகராது.

முன் அச்சை மட்டும் பூட்டினால் சுமார் 635 கிலோ. கிட்டத்தில் வருகிறது, ஆனால் ஏறாது.

பின் அச்சை மட்டும் பூட்டினால் சுமார் 750 கிலோ. ஏறிவிடும். சக்கரம் உருள்வதற்கான தடைக்கும் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது.

முன் பூட்டு கூடுதலாகக் கொடுத்தது சுமார் 170 கிலோ; பின் பூட்டு கொடுத்தது சுமார் 290 கிலோ. பூட்டு விசையை உண்டாக்குவதில்லை. தரையில் ஏற்கெனவே இருக்கிற பிடியை எடுத்துப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிடி இருக்கும். மேடு செங்குத்தாக ஆக ஆக, பின்னால் ஆட்கள் ஏற ஏற, இந்த வித்தியாசம் இன்னும் கூடும். தம்பிகளே, எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டாமாண்டு இயக்கவியல் போதும்.

இப்போது முன் கட்சிக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் சும்மா சொல்லவில்லை. முன் பூட்டு ஜெயிக்கிற இடங்கள் உண்டு. ஓடையிலிருந்து கரை ஏறும்போது முழங்கால் உயரப் பாறை ஒன்று முன் சக்கரத்தில் முட்டுகிறது. அப்போது பின்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் பாறையில் முட்டிக்கொண்டு நிற்குமே தவிர ஏறாது. முன் சக்கரமே பாறையைப் பிடித்து ஏற வேண்டும். அதில் ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், பூட்டு இல்லாத முன் அச்சு செத்த அச்சுதான். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சக்கரம் சீக்கிரமே தரையை விட்டு எழும்பிவிடும் என்பதும் உண்மை. இன்னொன்று, மேட்டில் ரிவர்ஸில் ஏற வேண்டி வந்தால் எடை முழுக்க முன் அச்சில் சாயும். அப்போது கணக்கு அப்படியே தலைகீழ்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இங்கேதான் நான் வேலையில் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நன்றாக வேலை செய்தால் எவ்வளவு லாபம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அது தப்பாகப் போனால் எப்படிப் போகும் என்றும் பார்க்க வேண்டும்.

முன் பூட்டு எப்படித் தப்பாகப் போகும்? கொண்டை ஊசி வளைவில் பாருங்கள். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர், வளைவின் ஆரம் 6 மீட்டர் என்றால், வெளிச் சக்கரத்துக்கும் உள் சக்கரத்துக்கும் ஏறத்தாழ 25 சதவீதம் வேக வித்தியாசம் வேண்டும். முன் அச்சு பூட்டியிருந்தால் அந்த வித்தியாசத்துக்கு வழியே இல்லை. இரண்டு முன் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றி, வண்டியை நேராகவே இழுக்கப் பார்க்கும். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தாலும் வண்டி நேராகப் போகும். மைதானத்தில் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். மலையில் நேராகப் போனால் என்ன இருக்கிறது? பள்ளம்!

அடுத்தது உடைகிற சங்கதி. பூட்டாத அச்சில் ஒவ்வொரு அரை அச்சுக்கும் பாதி விசைதான் போகும். பூட்டிய பிறகு ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், அச்சுக்கு வருகிற விசை முழுவதும் மற்ற ஒரே அரை அச்சில் போய் விழும். பின் அச்சில் அது நேரான, தடித்த கம்பி, ஓரளவு தாங்கும். முன் அச்சிலோ சக்கரம் திரும்புவதற்காக மூட்டு இருக்கிறது. ஸ்டீரிங் முழுக்க ஒடித்த நிலையில் அந்த மூட்டு மிகவும் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், வண்டி அங்கேயே படுத்துவிடும். உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண் இருக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பின் பூட்டும் சாது இல்லை. அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கவாட்டில் சரிந்த பாதை, அதாவது இடது சக்கரங்கள் உயரத்தில், வலது சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் தாழ்வில். மழை பெய்திருக்கிறது. பூட்டு இல்லாவிட்டால் ஒரு பின் சக்கரம் சுற்றும். மற்றது சுற்றாமல் தரையைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் வால் பக்கவாட்டில் நழுவாமல் காக்கும். பூட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். சுற்றுகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடி அநேகமாக இல்லை. வால் மெல்லப் பள்ளத்துப் பக்கம் இறங்கும். அதனால் பக்கச் சரிவில் பின் பூட்டை எடுத்துவிட வேண்டும், மெதுவாக ஓட்ட வேண்டும். முன்னேற முடியவில்லையென்றால் ஆட்களை இறக்கி, கல் போட்டுப் பாதையைச் சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்று கவனியுங்கள்: வால் நழுவுவதை டிரைவர் முதுகில் உணர்வார். காலை எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்டீரிங்கும் அவர் கையில்தான் இருக்கும். முன் பூட்டில் போவதே ஸ்டீரிங்தான். இரண்டு தப்புகளில் எதோடு பிழைக்க முடியுமோ அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சந்தையில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் பின் அச்சில்தான் இயந்திரப் பூட்டு. 2024-இல் வந்த தார் ராக்ஸிலும் மின்பூட்டு பின் அச்சில்தான். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் போடுகிற பூட்டுகள் இருக்கின்றன. மாருதி ஜிம்னியில் பூட்டே இல்லை. சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி மறு சக்கரத்துக்கு விசை அனுப்பும் ஏற்பாடு. ஆக, இரண்டு போடுகிறவர்கள் இரண்டிலும் போடுகிறார்கள். ஒன்று போடுகிறவர்கள் பின்னால் போடுகிறார்கள். அவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

அடுத்த கேள்வி, தானாக விழும் பூட்டா, கையால் போடும் பூட்டா? தாரில் வந்த இயந்திரப் பூட்டு, இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். டிரைவர் எதுவும் செய்ய வேண்டாம். பல பேர் மாறி மாறி ஓட்டுகிற வண்டிக்கு அது வசதி. ஆனால் நான் சொன்ன பக்கச் சரிவில் அது நம்மைக் கேட்காமலே விழுந்துவிடும். நம் வண்டிக்கு இரண்டு மூன்று பேர்தான் நிரந்தர டிரைவர்கள். அந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதனால் கையால் போடுகிற பூட்டைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது அதிகம் இல்லை. பூட்டைக் கஷ்டம் வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் பல் உடையும். வண்டியை நிறுத்தி, லோ ரேஞ்சில் போட்டு, பூட்டைப் போட்டு, ஓரடி ஈரடி நகர்த்தி, டாஷ்போர்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். மேடு ஏறி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். தார் ரோட்டில் பூட்டோடு ஓட்டவே கூடாது. டயர் தேயும், அச்சு முறுக்கேறும், வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது.

பூட்டு வாங்குவதற்கு முன்னால் நல்ல டயர் வாங்குங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வழுக்கை டயரில் பூட்டு போடுவது ஓட்டைப் பானைக்கு மூடி தேடுகிற மாதிரி. சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே டயர் அகலமாகப் படிந்து பிடி கூடும். திரும்பக் காற்றடிக்க வண்டியிலேயே ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

கடைசியாக ஒன்று. 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம், சேம்பறை கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். புலியூர்க்காரர்கள், சாமி கும்பிடப் போனவர்கள். பூட்டு இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் ஒரு வண்டி என்பது எத்தனை குடும்பங்களைச் சுமந்துகொண்டு போகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. பூட்டு வந்துவிட்டால் "இப்பதான் எங்க வேணா ஏறுமே, இன்னும் நாலு பேர் ஏறுங்க" என்று சொல்லத் தோன்றும். ஆள் கூடினால் ஈர்ப்பு மையம் உயரும், வண்டி கவிழ்வது சுலபமாகும். எந்தப் பூட்டும் கவிழ்வதைத் தடுக்காது. அதனால் எத்தனை பேர் ஏறலாம் என்பதை வண்டிக் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பூட்டைப் போலப் பணம் தேவையில்லை, பிடிவாதம்தான் தேவை.

ஆக, கமிட்டிக்கு என் சிபாரிசு இதுதான். நான்கு நல்ல டயர். பின் அச்சில் கையால் போடும் ஒரு பூட்டு. டிரைவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி, அதில் ஒரு நாளாவது மழைக்காலத்தில். எஞ்சிய பணத்தில் ஒரு கம்ப்ரஸர், ஒரு இழுவைக் கயிறு, ஒரு மண்வெட்டி. முன் பூட்டு கேட்ட அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த ஆண்டு நிதி சேர்ந்தால் இரண்டாவது பூட்டை முன்னால் போட்டுக்கொள்ளலாம். ஓடைக்கரைப் பாறையில் அது உபயோகப்படும். வரிசை மட்டும் மாறக் கூடாது.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வண்டிக்குப் பூட்டு பொருத்தும்போது பட்டறைக்கு வாருங்கள். கிரவுன் வீலையும் பினியனையும் கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு ஜமுனாமரத்தூருக்கு வந்து, அந்த மேட்டின் சாய்வை நீங்களே அளந்து, நான் இன்று சொன்ன எண்கள் சரியா என்று பாருங்கள். தப்பு இருந்தால் அடுத்த ஆண்டு இதே மேடையில் வந்து என்னைத் திருத்துங்கள். சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.